ஐந்தாவது சீட்டு கவிழ்ந்திருக்கிறது

ஆகஸ்ட் 27
கடல் மேடை

அக்காவுக்கு,

ஏழு மாதமாக உனக்கு நான் எழுதவில்லை. இப்போதும் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு கணக்குக் கேட்கத்தான் எழுதுகிறேன். நம் வீட்டில் கணக்கு உனக்குத்தான் வரும். இங்கே இருப்பது ஒரே ஒரு போன். அதுவும் ரேடியோ அறையில், பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில். அதனால் வியாழக்கிழமை சாமான் படகில் இந்தக் கடிதம்.

விஷயம் போக்கர். திட்டாதே, முழுதாகப் படி. இந்த எண்ணெய் மேடையில் காசு வைத்து ஆடினால் மேஸ்திரி தோலை உரித்துவிடுவார். அதனால் வேலை முறைகளை வைத்து ஆடுவோம். ஞாயிறு ஓய்வு, பாத்திரம் கழுவுவது, அந்த மாதிரி. போன சனிக்கிழமை நாலு பேர் உட்கார்ந்தோம். இரண்டு பேர் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். மிச்சம் நானும் கிரேன்காரரும்.

நடுவில் நாலு சீட்டு திறந்தாயிற்று. சிவப்பு இதயம் போட்ட ஆட்டினில் ஜாக்கியும் நாலும், கிளாவர் ராஜா, இஸ்பேட் ரெண்டு. என் கையில் ஆட்டின் ராணியும் ஆட்டின் எட்டும். ஐந்தாவது சீட்டு இன்னும் கவிழ்ந்திருக்கிறது. அது ஆட்டினாக வந்தால் கையில் இருப்பதும் நடுவில் இருப்பதும் சேர்த்து என்னிடம் ஐந்து ஆட்டின் சேர்ந்துவிடும், பிறகு என்னை அசைப்பது கஷ்டம். வராவிட்டால் என் கையில் இருப்பது குப்பை.

அப்போதுதான் அவர் மேஜையைத் தட்டி, "புயல் முறை"ன்னார். அக்டோபர், நவம்பர் புயல் முறை என்னுடையது. டிசம்பர், ஜனவரி அவருடையது. அவர் பந்தயத்தை ஏற்று நான் தோற்றால் நாலு மாதமும் நானே கீழ்த்தளத்தில் நிற்க வேண்டும். ஜெயித்தால் நாலு மாதமும் அவர் நிற்பார், நான் அக்டோபர் முதல் படகில் வீட்டுக்கு வந்துவிடுவேன். சீட்டைப் போட்டுவிட்டால் போகிறது இரண்டு ஞாயிறு மட்டும், என் இரண்டு மாதத்தை நான் செய்வேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அபாய மணி அடித்தது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவில் மணி அடித்தால் அவரவர் சீட்டை அவரவர் ஒரு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவோம். மிச்சக் கட்டு இன்னொரு உறையில். எல்லாம் கம்பவுண்டரின் மருந்து அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். எல்லோரும் திரும்பி வந்த பிறகுதான் பிரிப்போம். மணி என்னவோ பொய் மணிதான். ஆனால் ஓடுகிற அவசரத்தில் கிரேன்காரரின் கை இரும்புக் கதவில் நசுங்கிவிட்டது. கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வர ஒரு மாதம் ஆகுமாம்.

ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டிய பயத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏற்கலாமா, போட்டுவிடலாமா? கணக்கை மட்டும் சொல். அறிவுரை வேண்டாம்.

தம்பி

(இங்கே என் பெயர் 'வால்வு'. நான் பார்ப்பது வால்வு வேலை என்பதால்.)


ஆகஸ்ட் 31

டேய்,

ஏழு மாதம் கழித்து வந்த கடிதத்தில் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வார்த்தை இல்லை. இருக்கட்டும். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒடிந்துபோன விரல்களோடு மல்லுக்கட்டுகிறேன்.

நீ கேட்ட கணக்கு. சீட்டுக்கட்டைத் தேடி எடுத்து, மேஜைமேல் பரப்பி, இரண்டு தடவை எண்ணினேன். உன் கண்ணுக்குத் தெரிந்தது ஆறு சீட்டு. தெரியாதது நாற்பத்தாறு. அதில் ஆட்டின் ஒன்பது. ஐந்தில் ஒரு தடவைகூடச் சரியாகத் தேறாது. ஐந்து தடவை ஆடினால் நாலு தடவை நீ நாலு மாதம் கடலுக்கு மேல் தொங்குவாய். இதற்குப் பேர் கணக்கா? போட்டுவிடு.

அறிவுரை வேண்டாம் என்றாய். இது அறிவுரை இல்லை, கெஞ்சல்.

இன்னொன்று. நீ எழுதவில்லை, ஆனால் ஏழு மாதமாக நீ பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த விண்ணப்பப் படிவம். நீ பட்டறை மூடினதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். நான்தான் நிரப்பினேன். பதினொன்றாவது கேள்வி, 'உயரம், ஆழ்ந்த நீர், அடைத்த இடம் இவற்றில் எதற்காவது பயம் உண்டா?' நான் 'இல்லை' என்று எழுதினேன். சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த உன்னைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தவளே நான்தான். தெரிந்தேதான் எழுதினேன். உண்டு என்று எழுதியிருந்தால் வேலை கிடைத்திருக்காது. நான் செய்தது தப்பு என்று இன்னும் என் வாயில் வரவில்லை. ஆனால் அந்த 'இல்லை' தினமும் என் கண் முன்னால் வந்து நிற்கிறது.

அக்கா


செப்டம்பர் 10

அக்கா,

ஐந்தில் ஒன்று எனக்குக் குறைச்சலாகத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

கீழ்த்தளத்துக்குத் தரை கிடையாது. இரும்பு வலைதான். காலுக்குக் கீழே பார்த்தால் நேராகக் கடல். புயல் மாதங்களில் அலை வலை வழியாக மேலே பாய்ந்து வந்து முட்டி வரை நனைத்துவிட்டுப் போகும். அந்த வலைமேல் நடந்துபோய் ஒவ்வொரு வால்வாகத் திருகிப் பார்க்க வேண்டும். காற்று அடித்தால் கிரேன் ஓடாது, அதனால் கிரேன்காரரும் எங்களோடு கீழேதான். இடுப்புப் பட்டையில் ஒரு கொக்கி, அதைக் கம்பியில் மாட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு மாற்றும்போது ஒரு நொடி கொக்கி எதிலும் இருக்காது. அந்த ஒரு நொடிக்கு நம்மைப் பிடித்திருப்பது நம் விரல்கள்தான்.

போன வருஷம் பாட்டுக்காரர் அந்த ஒரு நொடியில்தான் போனார். எப்போதும் பாடிக்கொண்டே இருப்பார், அதனால் அந்தப் பேர். அவருக்குப் பின்னால் நாலடியில் நான். பாட்டு பாதியில் நின்றது, நான் தலையைத் தூக்கினேன், ஆள் இல்லை. அவ்வளவுதான் பார்த்தேன். இப்போதும் யாராவது பாடிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினால் நான் திரும்பி ஆளைத் தேடுகிறேன்.

மேஸ்திரியிடம் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். இங்கே எல்லாம் சொல்லலாம், பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னவனோடு யாரும் கம்பியில் சேர்ந்து நடக்க மாட்டார்கள். அவன் தடுமாறி நம்மையும் இழுத்துவிடுவான் என்பார்கள். அதுவும் என் படிவத்தில் 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் இருக்கிறதே!

சீட்டைப் போட்டால் இரண்டு மாதம் நிச்சயம் கீழே. ஏற்றால் ஐந்தில் ஒரு பங்கு கீழே போகவே வேண்டாம். உன் கணக்கு நாலைப் பார்க்கிறது, என் பயம் அந்த ஒன்றைப் பார்க்கிறது.

கிரேன்காரருக்கு இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் நசுங்கியதாம். ஆள் நல்லவர்தான், ஐம்பது வயது இருக்கும். ஆனால் மேஜையில் உட்கார்ந்தால் முகத்தில் ஒன்றும் படிக்க முடியாது. என்ன வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் இந்தக் கையை வெட்டிக் கொடுப்பேன்.

தம்பி


செப்டம்பர் 16

தம்பி,

உட்கார்ந்து படி.

உன் கடிதம் நேற்று வந்தது. இடது கை, நடுவிரல், மோதிரவிரல், ஐம்பது வயது. படித்ததும் ஆள் யார் என்று உறுதியாகிவிட்டது. பத்து நாளாக அவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். என் நோயாளி. சூடான மெழுகில் கையை முக்கி எடுத்து, ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறேன். கடலில் கிரேன் ஓட்டுகிறேன் என்று முதல் நாளே சொன்னார். எத்தனையோ மேடைகள் இருக்கின்றன, அப்போது நான் அதை உன்னோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை விரல் பயிற்சிக்காக ஒரு சீட்டுக்கட்டைக் கொடுத்து, கலைத்துப் போடச் சொன்னேன். சீட்டைத் தொட்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "நடுவுல நின்னுபோன ஆட்டம் ஒண்ணு பாக்கி இருக்கும்மா"ன்னார். எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. சும்மா கேட்பதுபோல், "அப்படி என்ன சீட்டு வெச்சிருந்தீங்க?"ன்னு கேட்டேன். "ஆட்டின் ஆஸ், ஆட்டின் ஒன்பது. எதிர்ல இருக்கறவனும் ஆட்டினுக்குத்தான் காத்திருக்கான்னு நெனைக்கறேன். பாவம், ஆட்டின் வந்தா அவன் கதை முடிஞ்சுது"ன்னார்.

புரிகிறதா? நீ வேண்டிக்கொண்டிருக்கும் சீட்டே உன்னைக் கொல்லும் சீட்டு. ஆட்டின் வந்தால் உனக்கும் ஐந்து ஆட்டின், அவருக்கும் ஐந்து ஆட்டின், அவருடையதில் ஆஸ் இருக்கிறது. உன் ராணி தோற்றுவிடும். அவர் சொன்னது நிஜமானால் இன்னொரு ராணியோ எட்டோ வந்து ஜோடி சேர்ந்தால்தான் நீ தப்பிப்பாய். எண்ணிப் பார்த்தேன், ஏழில் ஒரு தடவை.

ஆனால் இதையும் மறைக்க மாட்டேன். உனக்கு அடுத்த கடிதம் போட முகவரி எழுதிவைத்திருந்த உறை ஒன்று அன்று என் மேஜைமேல் மல்லாக்கக் கிடந்தது. உன் பெயர், உன் மேடை, எல்லாம் கொட்டை எழுத்தில். அவர் அதைப் பார்த்தாரா, பார்த்துவிட்டு வேண்டுமென்றே என் காதில் போட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் தெரியும். சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று. பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு 'எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எலும்பு கூடியது நிஜம். அந்த இரண்டு விரலும் மடங்காதது படத்தில் தெரியாது. கிரேனின் நெம்புகோலுக்கு அது போதும். கொக்கி மாற்றும் அந்த ஒரு நொடிக்குப் போதாது. இன்னும் இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தால் மடங்கும். நீ ஜெயித்தால் அக்டோபரிலேயே யாரைக் கீழே அனுப்புகிறாய் என்று தெரிந்துகொண்டு ஜெயி.

அக்கா


செப்டம்பர் 25

அக்கா,

படகு கிளம்பப் போகிறது, அவசரமாக எழுதுகிறேன். இந்தப் படகில்தான் உன் கடிதமும் வந்தது, அவரும் வந்தார். ஏணியில் ஏறி வந்து என்னைப் பார்த்ததும் முதல் பேச்சு என்ன தெரியுமா? "என்ன வால்வு, உங்க அக்கா கைக்கு ரொம்ப அழுத்தம்ப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, உன் மேஜைமேல் இருந்த கடித உறையைப் பார்த்திருக்கிறார். தெரிந்தேதான் உன்னிடம் சொல்லியிருக்கிறார். எதற்கு? நான் பயந்து சீட்டைப் போட வேண்டும் என்றுதானே? கையில் நிஜமாகவே சரக்கு இருப்பவன் எதிராளியை விரட்டுவானா? ஏற்கட்டும் என்று சும்மா இருப்பான். அவர் கையில் ஒன்றும் இல்லை. நான் ஏற்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

விரலைப் பற்றி எழுதினாய். என் விரல் பத்தும் மடங்குகிறது, ஆனாலும் அந்த வலையை நினைத்தால் நடுங்குகிறது. என் பயத்தை எழுத ஒரு டாக்டரும் இல்லை. அவருக்காக இரக்கப்பட எனக்குத் தெம்பில்லை, அக்கா. கெட்டவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 27

தம்பி,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. அடுத்த படகு வியாழன்தான். இது உன் கைக்கு வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

துறைமுக ஆபீசுக்குப் போய், ரேடியோவில் ஒரே ஒரு செய்தி சொல்ல முடியுமா என்று கேட்டேன். சாவா, பிரசவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றேன். படிவம் ஒன்றை நீட்டினார்கள். படிவத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

நீ கெட்டவன் இல்லை. பயந்தவன். அது உனக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் 'இல்லை' என்று எழுதினேனே, அது தப்பு. தப்புடா. இதோ சொல்லிவிட்டேன்.

அக்கா


அக்டோபர் 1

அக்கா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிறு நாலு மணிக்குக் கம்பவுண்டர் அலமாரியைத் திறந்தார். முழு மேடையும் சுற்றி நின்றது. மேஸ்திரிகூட வந்து, பார்க்காதவர்போல் ஜன்னல் பக்கம் நின்றார். கம்பவுண்டர் அந்த நாலு சீட்டையும் பழையபடி நடுவில் திறந்து வைத்தார். ஐந்தாவதைக் கவிழ்த்து வைத்தார். என் உறையை நான் பிரித்தேன். ராணி, எட்டு. நாக்கு நுனியில் 'ஏத்துக்கறேன்' என்ற வார்த்தை தயாராக இருந்தது.

கிரேன்காரர் தன் உறையை எடுத்தார். இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் கிழிக்கப் பார்த்தார். உறை நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடியும் நழுவியது. மூன்றாவது தடவை கம்பவுண்டரிடமே நீட்டி, "பசை கொஞ்சம் கெட்டியாயிடுச்சு, நீங்களே பிரிங்க"ன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த இரண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன, அக்கா. காகித உறையைப் பிடிக்க முடியவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் ஒன்றும் படிக்க முடியாத அந்த முகத்தில் ஒன்றே ஒன்று எழுதியிருந்தது. தினமும் கண்ணாடியில் நான் பார்ப்பதுதான் அது. அவர் பயந்துபோயிருந்தார்.

"சொல்லு வால்வு"ன்னார் கம்பவுண்டர்.

"போட்டுட்டேன்"னேன்.

என் வாய்தான் சொன்னது. எனக்கே அதிர்ச்சி. "ஒரு மாசம் யோசிச்சு இதுதானா?"ன்னு ஒரே கூச்சல். வேடிக்கை பார்த்தவர்கள் விடவில்லை, ஐந்தாவதைத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினார்கள். ஆட்டின் ஆறு.

என் ஆட்டின் வந்தது, அக்கா. "அடப்பாவி, ஜெயிச்சிருப்பியே!"ன்னு என் முதுகில் அடித்தார்கள். கிரேன்காரர் தன் சீட்டைக் காட்டவில்லை. எதிராளி போட்டுவிட்டால் காட்ட வேண்டியதில்லை என்பது சட்டம். வலது கையால் கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நாளைக்குப் படகில் வீட்டுக்கு வருகிறார்.

அவர் உன்னிடம் சொன்னது நிஜமா, பொய்யா என்று தெரியாமலே நான் இன்று காலை கீழே இறங்கினேன். பொய்யாக இருந்தால் வீட்டுக்கு வரவேண்டிய படகை நானே அனுப்பிவிட்டேன். கொக்கி மாற்ற நாற்பது இடம் இருக்கிறது. நாற்பதிலும் கண்ணை மூடிக்கொண்டேன். மூடக் கூடாது என்று தெரியும்.

அவர் விரலை நல்லபடியாகப் பார்த்துக்கொள். இல்லாவிட்டால் நான் இறங்கியது வீண்.

தம்பி


அக்டோபர் 23

தம்பி,

மூன்று வாரமாகப் படகு போகவில்லை. கடல் இறங்கும்வரை தபால் வாங்க மாட்டோம் என்கிறார்கள். இதை எழுதித் துறைமுக ஆபீசில் கொடுத்துவைக்கிறேன், எப்போது போகிறதோ போகட்டும். காற்றுச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். சாத்தினால் உனக்குக் காற்று குறைந்துவிடுமா என்ன? ஆனாலும் சாத்துகிறேன்.

கிரேன்காரர் தினமும் வருகிறார். மோதிரவிரல் பாதி மடங்குகிறது. இன்று பயிற்சி முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே வைத்திருக்கிறேன், பார். பின்பக்கம் தேநீர்க் கறை இருக்கிறது. உங்கள் கட்டுதானே?

ஆட்டின் ஆஸ். ஆட்டின் ஒன்பது.

"கலைக்கற மாதிரி கலைச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டேம்மா"ன்னார். "உங்க தம்பி நான் பொய் சொன்னேன்னு நெனச்சிருப்பான். நான் நெஜத்தைத்தான் சொன்னேன். பாட்டுக்காரன் போன அன்னிக்கு அவன் மூஞ்சியைப் பார்த்தவன் நான். ஏதோ வேகத்துல பந்தயம் கட்டிட்டேன். எங்க மேஜையில கட்டினதைத் திருப்பி எடுக்க முடியாது. உறையில அவன் பேரைப் பார்த்ததும், இவங்க மூலமா சொல்லிடலாம்னு தோணுச்சு. நாலு மாசம் அந்தப் புள்ளையக் கீழ நிறுத்தினா எனக்குத் தூக்கம் வராது."

"அப்ப ஏணியில எதுக்குச் சிரிச்சீங்க?"ன்னு கேட்டேன். "பயத்துலதாம்மா"ன்னார்.

ஆக, நீ ஏற்றிருந்தால் அந்த ஆட்டின் ஆறோடு தோற்றிருப்பாய். கண்ணை மூடாதே. நாற்பது இடத்திலும் திறந்து வைத்துக்கொள்.

அக்கா


நவம்பர் 28

அக்கா,

முந்தையது அன்றைய படகைத் தவறவிட்டதால், உன் இரண்டு கடிதமும் நேற்றுதான் ஒன்றாக வந்து சேர்ந்தன. எட்டு வாரத்துக்குப் பிறகு முதல் படகு. இன்று திரும்புகிறது, இந்தக் கடிதமும் அதில்தான். இரண்டு மாதமாக எங்கள் சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டு குறைகிறது. யார் திருடியது என்று சமையல்காரருக்கும் கம்பவுண்டருக்கும் அடிதடி நடக்காத குறை. அந்த இரண்டையும் நான் இன்னும் காட்டவில்லை. என் பெட்டியில் இருக்கிறது.

ஒரு தடவை வழுக்கினேன். கொக்கி எதிலும் இல்லாத நொடியில்தான். பத்து விரலும் பிடித்துக்கொண்டது. மேலே ஏறி வந்து வாந்தி எடுத்தேன். மேஸ்திரி, "என்னடா?"ன்னார். "பயமா இருக்குங்க. போன வருஷத்துலேர்ந்து பயமா இருக்கு"ன்னு எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் என்னோடு கம்பியில் நடக்க ஆள் வராது என்று நினைத்தேன். மேஸ்திரியே வந்து தன் கொக்கியை என் கம்பியில் மாட்டினார். "எனக்கும் இருக்குடா, வா"ன்னார். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷத்துக்கு எல்லோருக்கும் புதுப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பதினொன்றாவது கேள்வி அப்படியே இருக்கிறது. மற்றதையெல்லாம் உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன், முறை முடிந்து அடுத்த வியாழக்கிழமை படகில் கொண்டுவருகிறேன். உன் கையெழுத்துதான் அழகு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் கோணல் எழுத்தில் நானே 'உண்டு' என்று எழுதிவிட்டேன்.

தம்பி